மரியாதைக்கு இரண்டு வரி

அந்த இரண்டு வரிகளை எழுதி முடித்தபோது ஜெயசெல்விக்கு உள்ளுக்குள் சின்னதாக ஒரு பெருமைகூட இருந்தது.

2006, பிப்ரவரி மாதம். அமெரிக்காவில், பார்சிப்பனியிலிருந்து இருபது நிமிட டிரைவில் இருக்கும் ஒரு நடுநிலைப் பள்ளி. பிரின்சிபல் டெலேனியின் அறை. ஜன்னலுக்கு வெளியே பனி அழுக்காகிக் குவிந்திருந்தது. மேஜை மேல், அவளுடைய கணக்கு வகுப்பைப் பார்வையிட்டு டெலேனி எழுதிய மதிப்பீட்டு அறிக்கை. ஒன்பது தலைப்புகள். ஐந்தில் 'திருப்தி இல்லை'. கடைசிப் பக்கத்தின் அடியில் கையெழுத்துக்கு ஒரு கோடு. கோட்டுக்கு மேல் 'ஆசிரியரின் கருத்து' என்று ஒரு கட்டம்.

"உங்கள் நகல் இது, இது அலுவலகத்துக்கு" என்று இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார் டெலேனி. "அவசரமில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டும் கையெழுத்துப் போடலாம். பத்து நாள் இருக்கிறது."

அதிகாரி எதிரே உட்கார்ந்திருக்க, காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போவதா? அது என்ன பழக்கம்? ஜெயசெல்வி பேனாவை எடுத்தாள். அலுவலக நகலின் கட்டத்துக்குள், மணிமணியான ஆங்கிலக் கையெழுத்தில் எழுதினாள்.

'சுட்டிக்காட்டிய குறைகளை ஏற்றுக்கொள்கிறேன். இனி திருத்திக்கொள்கிறேன். மன்னிக்க வேண்டுகிறேன்.'

டெலேனி படித்தார். புருவம் லேசாக உயர்ந்து இறங்கியது. "மிகவும் நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள்" என்றார்.

பாராட்டு என்றே நினைத்தாள் ஜெயசெல்வி.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. திருநெல்வேலிப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருடம் சாக்பீஸ் பிடித்த கை அது. வருடத்துக்கு ஒரு தடவை ஆண்டாய்வு வரும். வருகிற அதிகாரி ஏதாவது குறை எழுதித்தான் ஆகவேண்டும். எழுதாவிட்டால் அவர் வந்ததற்கு என்ன அத்தாட்சி? பாடக்குறிப்பில் தேதி இல்லை என்பார். கரும்பலகை வெளுத்திருக்கிறது என்பார். கீழே ஆசிரியர் 'குறித்துக்கொண்டேன், திருத்திக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதிகாரி கோழிக்குழம்புச் சாப்பாட்டுக்குப் போவார். ஃபைல் அத்தோடு மூடிக்கொள்ளும்.

எதிர்த்து எழுதினால்தான் ஃபைல் திறக்கும். தமிழாசிரியர் மாரிசாமி ஒரு வருடம், 'அதிகாரி என் வகுப்புக்கு வரவே இல்லை' என்று உண்மையை எழுதிவிட்டார். இரண்டு இன்கிரிமென்ட் நின்றுபோனது. அப்புறம் அவரும் 'திருத்திக்கொள்கிறேன்' என்று எழுதக் கற்றுக்கொண்டார்.

ஜெயசெல்வி அமெரிக்காவுக்கு விமானம் ஏறியது 2003 கோடையில். அதே கோடையில்தான் ஊரில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் லட்சக்கணக்கில் ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பினார்கள். எதிர்த்தால் என்ன ஆகும் என்பதை அவளுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை.

*

மே எட்டாம் தேதி கடிதம் வந்தது. மூன்றே வரி. அடுத்த கல்வியாண்டுக்கு அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட மாட்டாது.

மத்தியான இடைவேளையில், கடிதத்தை எடுத்துக்கொண்டு சயின்ஸ் லேபுக்குப் போனாள். அங்கே அமீருன்னிசா தயிர்சாதத்தில் ஊறுகாயைக் குழைத்துக்கொண்டிருந்தாள். பதினான்கு வருடமாக அதே பள்ளியில் சயின்ஸ் டீச்சர். ஆசிரியர் யூனியனுக்கு அந்தப் பள்ளியின் பிரதிநிதியும் அவள்தான். பூர்வீகம் கீழக்கரை, வளர்ந்தது ராயப்பேட்டை. வாய் முழுக்க ராயப்பேட்டை.

கடிதத்தைப் படித்தாள். டப்பாவை மூடினாள்.

"எத்தனை வருஷம் ஆச்சு உனக்கு இங்க?"

"ஜூனோட மூணு வருஷம்க்கா."

"அதான் பாரு. டென்யூருக்கு, அதான் நிரந்தர வேலைக்கு, மூணு வருஷமும் ஒரு நாளும் ஆகணும். அந்த ஒரு நாளைத் தர மாட்டேங்கிறானுங்க. செப்டம்பர்ல நீ ஒரு நாள் வந்து அட்டெண்டன்ஸ் எடுத்துட்டன்னா, அப்புறம் உன்னைத் தூக்கணும்னா கேஸ் நடத்தணும். இப்ப மூணு வரி லெட்டர் போதும்."

"என்னக்கா பண்றது? விசா இந்த வேலை மேலதான இருக்கு. அவருக்கு டிபெண்டண்ட் விசா. வேலைக்கே போக முடியாது. ஜூன் முப்பதோட எல்லாம்..."

"அழாதே. பேப்பரை எடு. யூனியன்னா கொடி பிடிக்கிறது இல்லம்மா, பேப்பர் பிடிக்கிறது." அமீருன்னிசா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜெயசெல்வியிடம் இருந்த பிப்ரவரி அறிக்கையின் நகலை வாங்கிப் பார்த்தாள். "அன்னிக்கு டெலேனி எவ்ளோ நேரம் கிளாஸ்ல உட்கார்ந்தான்?"

"பதினோரு நிமிஷம்."

"ஷ்யூரா சொல்றியா?"

"கடிகாரம் எதிர்லயே இருக்குல்லா. வந்தப்ப பத்து பதினாலு, போனப்ப பத்து இருபத்தஞ்சு. போனுக்கு யாரோ கூப்பிட்டாங்க, எழுந்து போயிட்டாரு. திரும்பி வரல."

அமீருன்னிசாவின் முகத்தில் முதல்முறையாக ஒரு வெளிச்சம். "கான்ட்ராக்ட்ல ஃபுல் பீரியட் அப்சர்வ் பண்ணணும்னு இருக்கு. நாற்பத்திரண்டு நிமிஷம். பதினோரு நிமிஷத்துல அரிசிகூட வேகாது, இவன் ஒரு டீச்சரையே வேகவெச்சு இறக்கிட்டானே! இந்த பேப்பர் டெட்டும்மா. சரி, இதுல என்ன எழுதியிருக்கான்? 'ஆசிரியர் ஆறு நிமிடம் எதுவும் பேசாமல் நின்றார்.' ஏன் நின்ன?"

"யாதிரா போர்டுல நின்னா அக்கா."

யாதிரா ஈக்வடாரிலிருந்து வந்து எட்டு மாதமே ஆன பெண். மைனஸ் எண்களைக் கூட்டுகிற கணக்கு. அவள் எண்கோடாகத் தரையில் ஒட்டியிருந்த டேப்பின் மேல் முன்னும் பின்னும் நடந்து, தனக்குள் ஸ்பானிஷில் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து உதவினால் அவள் யோசனை அறுந்துவிடும். ஜெயசெல்வி கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. டெலேனி எழுந்து போன மூன்றாவது நிமிடம் யாதிரா சரியான விடையை எழுதினாள். பின் பெஞ்சில் எவனோ விசிலடித்தான். அதைப் பார்க்க டெலேனி இல்லை.

"இதை அப்படியே ஸ்கூல் போர்டு முன்னாடி சொல்லணும் நீ" என்றாள் அமீருன்னிசா. "ரென்யூ பண்ணலைன்னா, காரணம் கேட்கவும், ஸ்கூல் போர்டு முன்னாடி நேர்ல பேசவும் உனக்கு ரைட் இருக்கு. இந்த ரிப்போர்ட்டுக்கு பதில் ஏதாவது எழுதிக் குடுத்தியா?"

"ஐயோ, இல்லக்கா. எதிர்த்து ஒரு வார்த்தை எழுதல."

அது சத்தியமான பதில். தான் எழுதிய இரண்டு வரிகள் ஜெயசெல்வியின் நினைவுக்கே வரவில்லை. கையெழுத்துக்குக் கீழே வைக்கும் புள்ளியை யாராவது எழுத்து என்று சொல்வார்களா?

"போகட்டும், எழுதாததும் நல்லதுக்குத்தான். போர்டுலயே மொத்தமா பேசிக்கலாம்" என்றாள் அமீருன்னிசா.

*

அன்று சாயங்காலம் அபார்ட்மென்ட்டில் கணவர் ஜெபதாஸ் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தார். ஊரில் கூட்டுறவு வங்கியில் கிளார்க்காக இருந்தவர். மூன்று வருடத்தில் அவருடைய சப்பாத்தி வட்டமாகியிருந்தது.

"யூனியன், போர்டுன்னு எதுக்குச் செல்வி? பேசாம அந்தப் பிரின்சிபல்ட்ட போயி ஒரு வார்த்தை கெஞ்சிப் பார்த்தா என்ன?"

"நீங்க சும்மா இருங்க. அமீர் அக்கா பேப்பர் செல்லாதுன்னு சொல்லுதாங்க. அப்புறம் போர்டுல நம்ம ஆளு ஒருத்தர் இருக்காருல்லா, கஸ்தூரிரங்கன் சார். பொங்கல் விழாவுல எல்லார்ட்டயும் கும்பிட்டு ஓட்டுக் கேட்டாரே."

"நமக்கு ஓட்டே கிடையாதுன்னு தெரியாமக் கேட்டாரே, அவரா?"

"அவுக அப்பா ஹெட்மாஸ்டரா இருந்தவராம். மேடையில சொன்னாரு. ஒரு ஹெட்மாஸ்டர் மகனுக்கு வாத்தியார் கஷ்டம் தெரியாமலா இருக்கும்?"

ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்த மகள் ஆன்லின் தலையைத் தூக்கினாள். ஏழாம் வகுப்பு. தமிழ் எல்லாம் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான்.

"ஆர் வி மூவிங், மா?"

"இல்லடா கண்ணு."

ஜெபதாஸ் சப்பாத்திக் கட்டையை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். அடுப்பில் கல் புகைந்துகொண்டிருந்தது.

*

பத்து நாள் அமீருன்னிசா ஓடிய ஓட்டம் சாதாரணமில்லை. பள்ளி முடிந்ததும் லேபில் உட்கார்ந்து இருவரும் காகிதங்களை அடுக்கினார்கள்.

எட்டாம் வகுப்பில் ஜெயசெல்வியின் பிரிவில் இருபத்திரண்டு பேர். மாநிலத் தேர்வில் விழுந்தவர்கள், ஆங்கிலம் இன்னும் பிடிபடாதவர்கள், தனிக் கவனிப்புத் தேவைப்படுகிறவர்கள். எல்லோரையும் சலித்து எடுத்து அவளிடம் தள்ளியிருந்தார்கள். 'இந்தியர், கணக்கு நன்றாக வரும்' என்பது டெலேனியின் காரணம். போன வருடம் இதே வகைப் பிள்ளைகள் போதிய அளவு தேறாததால் பள்ளிக்கு மாநிலப் பட்டியலில் சிவப்புக் குறி விழுந்திருந்தது. இன்னொரு வருடம் விழுந்தால் டெலேனியின் நாற்காலி ஆடும். யாரையாவது நீக்கிக் காட்டியாக வேண்டும்.

பாடப்புத்தகம் வந்ததே நவம்பரில். ஸ்பானிஷ் தெரிந்த உதவியாளர் வேண்டும் என்று ஜெயசெல்வி மூன்று தடவை எழுதிக் கேட்டிருந்தாள். மூன்று கடிதமும், 'தங்களைத் தொந்தரவு செய்வதற்கு வருந்துகிறேன்' என்றுதான் ஆரம்பித்தன. ஒன்றுக்கும் பதிலில்லை.

"கேள்வி கேட்கறதுக்கும் ஸாரியா? உங்க ஊர்ல மூச்சு விடறதுக்கு என்ன எழுதுவீங்க?" என்றாள் அமீருன்னிசா. ஆனாலும் கடிதங்களில் தேதி இருந்தது. அது போதும்.

செப்டம்பரில் பள்ளி வைத்த சோதனையில் வகுப்பின் சராசரி முப்பத்தொன்று. ஏப்ரலில் ஐம்பத்தேழு.

"இருபத்தாறு மார்க் ஏத்தியிருக்கே! டீச்சரை எடை போடணும்னா இதையில்ல போடணும்?" அமீருன்னிசா பென்சிலால் மேஜையைத் தட்டினாள். "இவங்க கோட்டைத் தாண்டினவனை மட்டும் எண்ணுவாங்க. கிணத்துக்குள்ள இருந்து முக்கால் தூரம் ஏறி வந்தவன், இன்னும் கிணத்துக்குள்ளதான் இருக்கான்னு கணக்கு."

ஜெயசெல்விக்கு நம்பிக்கை வந்தது. மூன்று இரவு நன்றாகத் தூங்கினாள்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், மாவட்டக் கல்வி அலுவலகத்தில் அவளுடைய பணிக்கோப்பைப் பார்க்க அனுமதி கிடைத்தது. இருவரும் போனார்கள். கிளார்க் அம்மாள் ஒரு மஞ்சள் ஃபைலை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

அமீருன்னிசா புரட்டினாள். பிப்ரவரி அறிக்கை வந்தது. கடைசிப் பக்கம். புரட்டிய கை நின்றது.

"செல்வி. இது என்னது?"

"எதுக்கா?"

"இது. இந்தக் கட்டத்துல."

ஜெயசெல்வி எட்டிப் பார்த்தாள். "அதுவா? அது சும்மா... மரியாதைக்கு எழுதுனதுக்கா. ஊர்ல எல்லாரும் எழுதுறதுதான?"

அமீருன்னிசா சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள்.

"குறைகளை ஏத்துக்கறேன்னு எழுதியிருக்கே."

"ஆமாக்கா."

"பதினோரு நிமிஷம்தான் பார்த்தான், பார்த்தது தப்புன்னு நாம சொல்லப்போறோம். நீ ஆல்ரெடி பார்த்தது ரைட்டுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டே."

"அக்கா, அது அர்த்தத்துக்கு எழுதுறது இல்லக்கா..."

"எனக்குத் தெரியும்டி. எங்கப்பாவும் ரெவின்யூ டிபார்ட்மென்ட்தான். இவங்களுக்கு எப்படிச் சொல்றது?" குரலைத் தாழ்த்தினாள். "எதுவும் எழுதலன்னு சொன்னியே."

"எதிர்த்து எதுவும் எழுதலன்னுதானக்கா சொன்னேன்."

கிளார்க் அம்மாளுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் அவள் ஜெயசெல்வியின் பக்கம் டிஷ்யூ பெட்டியைத் தள்ளிவைத்தாள்.

*

ஜூன் முதல் தேதி, சாயங்காலம் ஏழு மணி. உயர்நிலைப் பள்ளியின் நூலகம். நீள மேஜைக்குப் பின்னால், ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒன்பது போர்டு உறுப்பினர்கள். நடுவில் தலைவி மிஸஸ் ஹார்ட்மன். இடது ஓரத்தில் கஸ்தூரிரங்கன், சாம்பல் நிற கோட்டு, டெலிகாம் கம்பெனியில் டைரக்டர். ஜெயசெல்வி உள்ளே வந்ததும் அவர் லேசாகத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பைப் பிடித்துக்கொண்டுதான் அவள் உட்கார்ந்தாள்.

முதலில் அமீருன்னிசா பேசினாள். அருமையாகப் பேசினாள். பதினோரு நிமிடம். நவம்பரில் வந்த புத்தகம். பதிலில்லாத மூன்று கடிதங்கள். முப்பத்தொன்று, ஐம்பத்தேழு.

"நல்ல முன்னேற்றம்தான். ஏப்ரல் சோதனையில் தேர்ச்சிக் கோட்டைத் தாண்டியவர்கள் எத்தனை பேர்?" என்றார் ஹார்ட்மன்.

"ஏழு பேர்."

"இருபத்திரண்டில் ஏழு."

"செப்டம்பரில் ஒருவர்" என்றாள் அமீருன்னிசா. "ஆசிரியர் பொறுப்பேற்க வேண்டும் என்கிறீர்கள். சரி, ஏற்கட்டும். இரண்டு மாதம் புத்தகமே தராத பள்ளிக்கு யார் மதிப்பெண் போடுவது?"

"நிர்வாகத்தை மதிப்பிட இன்று நாம் கூடவில்லை" என்றார் ஹார்ட்மன், கோபமில்லாமல். பிறகு ஒரு காகிதத்தை மேஜை மேல் தள்ளினார். "மிஸஸ் ஜெபதாஸ், இது உங்கள் கையெழுத்தா?"

"ஆமாம், மேடம்."

"மேலே இருக்கும் வரிகளும் உங்களுடையவையா?"

"ஆமாம்."

ஹார்ட்மன் அவற்றை உரக்கப் படித்தார். தன்னுடைய வரிகளை இன்னொரு வாயில் கேட்டபோது ஜெயசெல்விக்குக் காது சுட்டது.

அமீருன்னிசா குறுக்கிட்டாள். "இந்தியாவில் அது ஒரு நிர்வாக வழக்கம். 'பெற்றுக்கொண்டேன்' என்பதைத்தான் அப்படி எழுதுவார்கள்."

"ஆசிரியரே சொல்லட்டுமே" என்றார் ஹார்ட்மன். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போல முன்னால் சாய்ந்தார். "குறைகளை ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையா?"

"உண்மையில்லை, மேடம். வகுப்பில் நான் செய்தது சரிதான்."

"அப்படியானால், அதிகாரப்பூர்வமான ஆவணத்தில் உண்மையில்லாத ஒன்றை எழுதினீர்கள்."

"பொய் எழுதவில்லை, மேடம்."

"எழுதியது உண்மையுமில்லை, பொய்யுமில்லை என்றால், அதை என்னவென்று சொல்வது?"

வாயில் வந்தது 'மரியாதை' என்ற சொல்தான். அதற்கு ஆங்கிலத்தில் என்ன? கணக்கு டீச்சர் ஒரு சொல்லுக்காகத் தவித்தாள். தரையில் டேப்பின் மேல் நடந்த யாதிரா மாதிரி, முன்னால் போனாள், பின்னால் வந்தாள். இங்கே யாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கவில்லை. ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரெஸ்பெக்ட். ஐ ரோட் ரெஸ்பெக்ட்" என்றாள்.

யாரோ இருமினார்கள். "எனக்குப் புரியவில்லை. என்னை மதிக்கிறவர் என்னிடம் உண்மையைத்தானே சொல்வார்?" என்றார் வலது பக்கம் இருந்த ஒருவர். கேலியில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

ஜெயசெல்வி இடது ஓரத்தைப் பார்த்தாள்.

ஹெட்மாஸ்டர் மகன். 'ஐயா அவர்கள் சமூகத்துக்கு' என்று தொடங்கி 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடிகிற கடிதங்கள் நடுவே வளர்ந்தவர். இந்த அறையில் அந்த வரியைச் சரியாகப் படிக்கத் தெரிந்த ஒரே உறுப்பினர். அவர் வாய் திறந்தால் போதும்.

கஸ்தூரிரங்கன் பேனாவின் மூடியைக் கழற்றினார். மறுபடி மூடினார். காகிதத்தில் எதையோ பார்த்தார். அவர் முன்னால் இருந்த காகிதம் வெறும் வெள்ளையாக இருந்தது.

"புதுப்பிக்கும்படி யாராவது தீர்மானம் கொண்டுவர விரும்புகிறீர்களா?" ஹார்ட்மன் இரண்டு பக்கமும் பார்த்தார்.

ஒரு கையும் உயரவில்லை. ஒருவரும் எதிர்த்து வாக்களிக்கவில்லை. வாக்கெடுப்பே நடக்கவில்லை. ஒருவரும் ஒன்றும் சொல்லாததே தீர்ப்பு.

"வந்ததற்கு நன்றி, மிஸஸ் ஜெபதாஸ்."

*

பார்க்கிங் லாட்டில் இன்னும் வெளிச்சம் இருந்தது. அமீருன்னிசா காரைத் திறப்பதற்குள் பின்னால் ஷூ சத்தம் கேட்டது.

"மேடம், ஒரு நிமிஷம்." கஸ்தூரிரங்கன்தான். மூச்சு வாங்கினார். "ஐ ஆம் ரியலி ஸாரி. நீங்க எழுதினது எனக்கு நல்லா புரிஞ்சுது. அப்பா லைஃப் ஃபுல்லா இதே வரியைத்தான் எழுதினார்."

"உள்ள மியூட்ல இருந்தீங்க, பார்க்கிங் லாட்ல வால்யூம் வருது" என்றாள் அமீருன்னிசா.

"என் பொசிஷனையும் பாருங்க. நான் ஒருத்தன்தான் இண்டியன். நான் வாயைத் திறந்தா, அவன் ஆளுக்கு சப்போர்ட் பண்றான்னு ஆயிடும். நாளைக்கு வேற இஷ்யூல நான் என்ன சொன்னாலும் எடுபடாது. நம்ம கம்யூனிட்டிக்கே..."

"சப்போர்ட்டா கேட்டோம்? 'இது எங்க ஊர் வழக்கம்'னு ஒரு வரி சார். டிக்‌ஷனரி மாதிரி ஒரு வரி. நான் சொன்னா யூனியன்காரி சொல்றான்னு தள்ளிடுவாங்க. அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சொல்ல நீங்க ஒருத்தர்தான் இருந்தீங்க."

கஸ்தூரிரங்கன் கார் சாவியை உள்ளங்கையில் உருட்டினார். "ரெஃபரன்ஸ் லெட்டர் எதாவது வேணும்னா, கண்டிப்பா தரேன்."

"பரவாயில்ல சார்" என்றாள் ஜெயசெல்வி, வாய்ப்பழக்கத்தில். "உங்களுக்கு எதுக்குச் சிரமம்? வந்து சொன்னதே பெரிசு."

அமீருன்னிசா அவளைத் திரும்பிப் பார்த்தாள். திட்டத்தான் வாயெடுத்தாள். பிறகு காரின் கதவை மட்டும் திறந்துவிட்டாள்.

*

ஜூன் இருபதாம் தேதி யூனியனின் முறையீட்டுக்கு நிர்வாகத்திடமிருந்து பதில் வந்தது. பதினோரு நிமிடப் பார்வை ஒப்பந்தத்தை மீறியதுதான் என்று யூனியன் தனியாக ஒரு புகார் கொடுத்திருந்தது. அமீருன்னிசா அந்தக் கடிதத்தை ஜெயசெல்வியிடம் காட்டினாள். அவளுடைய வகுப்பறையில் பாதிச் சுவர் ஏற்கெனவே காலியாகியிருந்தது.

'மதிப்பீட்டு நடைமுறையில் சுட்டிக்காட்டப்பட்ட குறையை நிர்வாகம் ஏற்றுக்கொள்கிறது. வரும் ஆண்டிலிருந்து திருத்திக்கொள்ளப்படும்.'

ஜெயசெல்வி இரண்டு தடவை படித்தாள். "அக்கா, இது நான் எழுதுன அதே வரில்லா?"

"அதே வரிதான்."

"அப்ப டெலேனிக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. உன் வேலையும் திரும்ப வராது, அது போர்டு முடிவு. ஃபைல் க்ளோஸ்டு." அமீருன்னிசா கடிதத்தை மடித்தாள். "செப்டம்பர்லேர்ந்து எல்லா டீச்சருக்கும் ஃபுல் பீரியட் உட்கார்ந்து பார்ப்பாங்களாம். பெரிய விக்டரின்னு யூனியனோட கவுண்டி ஆபீஸ்ல கேக் வெட்டலாங்கறாங்க. நான் வரலன்னுட்டேன்."

"ஏன்க்கா? நல்லதுதான? அடுத்து வர்ற பிள்ளைக்காவது..."

"நீ நல்லவளா இருந்து தொலைக்காதேடி, கொஞ்ச நேரத்துக்கு."

தரையில் ஒட்டியிருந்த டேப்பை ஜெயசெல்வி நகத்தால் கிளப்பிப் பார்த்தாள். ஒன்பது மாதம் பிள்ளைகள் நடந்த டேப். துண்டு துண்டாகத்தான் வந்தது. மைனஸ் நான்குவரை உரித்துவிட்டு எழுந்துவிட்டாள்.

கடைசி நாள் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் விடைபெறும் படிவம் ஒன்று. சாவி ஒப்படைப்பு, புத்தக எண்ணிக்கை, முகவரி. முகவரி என்ற இடத்தில் திருநெல்வேலி விலாசத்தை எழுதினாள். அடியில் மறுபடியும் ஒரு கட்டம்: 'கருத்து ஏதேனும் இருந்தால்'.

பக்கத்தில் நின்ற அமீருன்னிசா மெல்லச் சொன்னாள். "எழுதுறதா இருந்தா இப்ப எழுது. பதினோரு நிமிஷம், புத்தகம், எல்லாம். ஃபைல்லயாவது இருக்கும்."

ஜெயசெல்வி பேனாவைக் கட்டத்தின் மேல் வைத்தாள். 'மதிப்பிற்குரிய' என்றுதான் கை ஆரம்பிக்கப் பார்த்தது. எடுத்துவிட்டாள். யாரிடம் சொல்வது? யார் படிப்பார்கள்? வேறு யாரும் எதையும் எழுதிச் சேர்த்துவிடக் கூடாதென்று, ஊரில் வருகைப்பதிவேட்டின் காலிப் பக்கத்தில் போடுவதுபோல, மேல்மூலையிலிருந்து கீழ்மூலைக்குச் சாய்வாக ஒரு கோடு இழுத்தாள். கீழே கையெழுத்துப் போட்டாள்.

கிளார்க் அம்மாள் படிவத்தை வாங்கிப் பார்த்தாள். அதே டிஷ்யூ பெட்டி அம்மாள்தான். கோட்டைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள்.

"இந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம், ஹனி? கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். 'கருத்து இல்லை' என்று போடவா, 'ஏற்றுக்கொள்கிறார்' என்று போடவா?"

ஜெயசெல்வி அமீருன்னிசாவைப் பார்த்தாள். அமீருன்னிசா கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்த்தாள்.

"அந்த ரெண்டுதான் இருக்கா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள் ஜெயசெல்வி.

"ரெண்டுதான் இருக்கு" என்றாள் கிளார்க் அம்மாள், பரிவோடு.

ஜெயசெல்வி சாவியைக் கவுண்டரில் வைத்தாள். நூற்றுப் பதினாலாம் நம்பர் அறையின் சாவி. விரல் கொஞ்ச நேரம் அதன் மேலேயே இருந்தது.

"உங்களுக்கு எது வசதியோ, அதையே போட்டுக்கோங்க" என்றாள்.